ஸ்கிராபிள் ஆடறாங்க, இங்கிலீஷ் பேச மாட்டேங்கறாங்க!

கேள்வி: வணக்கம் அக்கா, கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன்ல ஆறாவது, ஏழாவது பிள்ளைங்களுக்கு சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன். விளையாட்டா இங்கிலீஷ் சொல்லித் தரலாம்னு, எழுத்துக் கட்டையை அடுக்கி வார்த்தை சேக்கற ஸ்கிராபிள் வாங்கி வெச்சேன், நல்லா ஜாலியா ஆடறாங்க, ஆனா ஒரு வாக்கியம் பேசச் சொன்னா கம்முனு நிக்கறாங்க. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி

பதில்: ஸ்கிராபிள் ஸ்பெல்லிங்குக்கு நல்ல ஆட்டம்மா. ஆனா வாயே திறக்காம ஆடி ஜெயிச்சிரலாமே, க்யூவும் இசட்டும் 10 பாயின்ட்னு எண்றதுலயே பொழுது போயிரும். வேணும்னா போட்ட வார்த்தையை வெச்சு ஒரு வாக்கியம் சொன்னாத்தான் பாயின்ட்னு மாத்திக்கோங்க. பேச்சு வரணும்னா பேசாம ஆடவே முடியாத ஆட்டமா இருக்கணும், உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது, கேட்டாத்தான் கிடைக்கும்ங்கற மாதிரி.

நம்ம மலை ரயிலையே எடுத்துக்கோங்க. ரெண்டு அட்டையில குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டின்னு ஸ்டேஷன் வரிசையை எழுதி, இதுல சிலதும் அதுல மத்ததும் காலியா விடுங்க. கூடவே மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம், யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது 2005, இதையும் பாதிப் பாதியா பிரிச்சுப் போடுங்க. ஜோடியா முதுகுக்கு முதுகு உக்காரணும், அட்டையைக் காட்டக் கூடாது. "விச் ஸ்டேஷன் கம்ஸ் ஆஃப்டர் வெலிங்டன்?", "ஹவ் மெனி டனல்ஸ் ஆர் தேர்?"னு கேட்டுக் கேட்டு நிரப்பணும். இந்தக் கேள்விகளை முதல்லயே போர்டுல எழுதி வெச்சிருங்க, இல்லாட்டி ரெண்டே நிமிஷத்துல தமிழுக்குத் தாவிருவாங்க. வீட்ல படகர் மக்களோட படகு மொழி பேசற பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் மூணாவது மொழி, அவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் குடுங்க.

ஆடும்போது மட்டும் தயவுசெஞ்சு திருத்தாதீங்க. "ஹவ் மெனி டனல்"னு கேட்டாலும் பதில் கிடைச்சா கிடைக்கட்டும், நோட்ல குறிச்சுக்கிட்டு ஆட்டம் முடிஞ்சப்புறம் யார் சொன்னதுன்னு சொல்லாம ரெண்டு மூணை மட்டும் போர்டுல போட்டு சரி பண்ணுங்க. நடுவுல நிறுத்தினா கூச்சப்படற பிள்ளை அதோட வாயை மூடிக்கும், அதான் எனக்குப் பெரிய கவலை.

இன்னொண்ணு, கிளாஸ்ல எப்பவும் டீச்சர்தான் கேக்கறாங்க, பிள்ளைங்க பதில் மட்டும்தான் சொல்றாங்க, அதனால கேள்வி கேக்கவே வர்றதில்ல. அதுக்கு ட்வென்டி கொஸ்டின்ஸ் நல்லா இருக்கும். ஒரு பிள்ளை மனசுல கேரட்டோ பீட்ரூட்டோ நெனைச்சுக்கணும், மத்தவங்க எஸ், நோன்னு பதில் வர்ற மாதிரியே 20 கேள்விக்குள்ள கண்டுபிடிக்கணும். "இஸ் இட் ரெட்?", "டஸ் இட் க்ரோ அண்டர் த கிரவுண்ட்?" இஸ் எங்க வரும், டஸ் எங்க வரும்னு இதுல தானா பழகிரும். மொதல் ரெண்டு ஆட்டம் நீங்க மனசுல நெனைங்க, அப்புறம் அவங்ககிட்ட விட்ருங்க.