22 தொடரில் 19 கோப்பை: எக்செல் ஏன் ஒருவரையே ஜெயிக்க வைக்கிறது?

கேள்வி: நாங்கள் 32 நண்பர்கள், எல்லோரும் டென்னிஸ் பைத்தியங்கள். ஆளுக்கு ஒரு கற்பனை ஆட்டக்காரரை உருவாக்கி, ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) காலண்டரை ஒட்டி 22 தொடர்கள் கொண்ட சீசனை எக்செல்லில் நடத்தி வருகிறேன். சர்வ் செய்பவர் பாயிண்ட் ஜெயிக்க அடிப்படை 64 சதவீதம். திறமை, ஃபார்ம், தரை, சொந்த ஊர் என்று நான்கு போனஸ், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 2. போனஸ் வாங்கியவரின் சர்வில் அதைக் கூட்டுவேன், எதிராளியின் சர்வில் கழிப்பேன். போன சீசனில் ஒரே ஆள் 19 கோப்பை வாங்கினார். இந்த சீசனில் விம்பிள்டன் முடிந்தும் அதே கதைதான். அந்த ஆள் என்னுடைய ஆட்டக்காரர் என்பதால் எல்லோரும் என்னைச் சந்தேகப்படுகிறார்கள். அரையிறுதி வரை போன ஒருவர் ரேங்கிங்கில் 3-லிருந்து 6-க்கு இறங்கியதற்கும் சண்டை. வாரா வாரம் காலிறுதியில் அதே ஜோடிகள் மோதுகிறார்கள் என்று இன்னொரு புகார். போதாக்குறைக்கு, இரவு அனுப்பிய ஸ்கோர் காலையில் ஷீட்டைத் திறந்தால் வேறாக இருக்கிறது. சீசனையே ரத்து செய்துவிடலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரத்து வேண்டாம். கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, ஸ்கோர் மாறும் விஷயம், முதலில் அதைத் தீர்ப்போம். உங்கள் மேல் சந்தேகம் முளைத்த இடம் அதுதான்.

ஸ்கோரை மாற்றியது எக்செல். ரேண்டம் எண் தரும் ராண்ட் ஃபார்முலா உள்ள ஃபைலைத் திறந்தாலே, ஏதாவது ஒரு செல்லில் எதையாவது தட்டினாலே, எல்லா ரேண்டம் எண்களும் புதிதாக விழும். யாரோ ஒருவருடைய பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தியிருப்பீர்கள். நேற்று முடிந்த அரையிறுதி அந்த நொடியில் மறுபடி ஆடப்பட்டிருக்கும். உடனடி வைத்தியம்: ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் முடிவுகளை காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் மட்டும் ஒட்டிவிடுங்கள். ஃபார்முலா போய் வெறும் எண் நிற்கும்.

ஆனால் இது மாறுவதை நிறுத்துமே தவிர சந்தேகத்தைத் தீர்க்காது. ‘பிடித்த முடிவு வரும்வரை எஃப்9 (மறுகணக்குப் போடும் பொத்தான்) தட்டிவிட்டு அப்புறம் ஒட்டினாயா?’ என்று கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. ரேண்டம் எண் எங்கிருந்து வருகிறது என்பதே உங்கள் கையில் இருக்கக் கூடாது.

அதற்கு ராண்டை விட்டுவிட்டு நீங்களே ஒரு எண் வரிசை தயாரிக்கலாம். 1988-ல் பார்க், மில்லர் என்ற இருவர் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்த முறை இது; எக்செல்லுக்குச் சிரமமே இல்லை. முதல் செல்லில் ஒரு தொடக்க எண். அடுத்த செல்லில், மேல் செல்லை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்தால் வரும் மீதி. மாட் ஃபார்முலா அதைத் தரும். அப்படியே கீழே இழுத்துவிடுங்கள். பக்கத்து நெடுவரிசையில் ஒவ்வொன்றையும் 2147483647-ஆல் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண் கிடைக்கும். தொடக்க எண் ஒன்றாக இருந்தால் யார் ஷீட்டில் போட்டாலும் அதே வரிசைதான் வரும்.

தொடக்க எண்ணுக்கு வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், புள்ளியை நீக்கிவிட்டு. 81234.56 என்று முடிந்தால் 8123456. சந்தை விடுமுறை என்றால் அடுத்த வர்த்தக நாள். வியாழன் இரவுக்குள் எல்லோருடைய ரேட்டிங்கும் (இதைப் பின்னால் சொல்கிறேன்) சீடு பட்டியலும் (முன்னணி எட்டுப் பேரின் வரிசை) 32 பேர் கைக்கும் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது. இந்த வரிசை மாறி, சென்செக்ஸ் தெரிந்த பிறகு ரேட்டிங்கில் கைவைக்க வழியிருந்தால் இத்தனை ஏற்பாடும் வீண்.

இதில் இரண்டு சிக்கல் வரும். பக்கத்துப் பக்கத்துத் தொடக்க எண்கள் முதல் ஓரிரு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில்தான் தரும், ஆகவே முதல் 10-ஐக் கழித்துவிடுங்கள். இரண்டாவது, எந்த எண் எந்த மேட்சுக்கு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். டிராவுக்கு (யார் யாரோடு மோதுவது என்ற குலுக்கலுக்கு) 40, ஒரு மேட்சுக்கு 10 (செட்டுக்கு இரண்டு வீதம், ஐந்து செட்டுக்கு) என்று ஒதுக்குங்கள். 31 மேட்சுக்கு 310. கழித்த 10-ஐயும் சேர்த்து மொத்தம் 360 வரிசை. மேட்ச் இரண்டே செட்டில் முடிந்தாலும் மீதி ஆறு எண்களை அப்படியே விட்டுவிட வேண்டும். மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அடுத்த மேட்சிலிருந்து எல்லாம் ஒரு படி நகர்ந்து, சரிபார்ப்பவரின் ஷீட்டில் வேறு சாம்பியன் வருவார்.

இனி உங்கள் நம்பர் ஒன்னுக்கு வருவோம். உங்கள் தொடரில் கோப்பை வாங்க ஐந்து மேட்ச் ஜெயிக்க வேண்டும். 22-ல் 19 என்றால் 86 சதவீதம். ஐந்து தடவை பெருக்கினால் 0.86 வரும் எண் எது? 0.97. அதாவது, எதிரே யார் நின்றாலும் உங்கள் ஆளுக்கு ஒரு மேட்சில் 97 சதவீத வாய்ப்பு. ஜோகோவிச் 2015-ல் ஆடியது அண்மைக்கால டென்னிஸின் மிகச் சிறந்த சீசன்களில் ஒன்று: 82 வெற்றி, 6 தோல்வி, 16 தொடர்களில் 11 கோப்பை. மேட்சுக்கு 93 சதவீதம்தான். உங்கள் ஆள் அவரையும் தாண்டி எங்கோ நிற்கிறார்.

கோளாறு, போனஸை இரண்டு பக்கமும் போடுவதில் இருக்கிறது. நான்கு இரண்டு எட்டு. உங்கள் ஆள் சர்வில் 64 போய் 72 ஆகிறது, எதிராளி சர்வில் 64 போய் 56 ஆகிறது. வித்தியாசம் எட்டில் நிற்காமல் பதினாறாகிவிட்டது. 72 சதவீதம் பாயிண்ட் எடுப்பவர் தன் சர்வ் கேமில் 92 சதவீதத்தைக் காப்பாற்றுவார். 56 எடுப்பவர் 65 சதவீதத்தைத்தான். இந்தக் கணக்கில் ஒரு செட் 90 சதவீதம், மூன்று செட் மேட்ச் 97 சதவீதம். உங்கள் 19 கோப்பைக்கும் இதற்கும் அச்சு அசலாகப் பொருந்துகிறது. நீங்கள் ஏமாற்றவில்லை என்பதற்கு நண்பர்களிடம் இந்தக் கணக்கையே காட்டலாம்.

டென்னிஸில் பாயிண்டில் ஒரு துளி வித்தியாசம் கேமில் பெருகும், செட்டில் இன்னும் பெருகும், மேட்சில் மலையாகிவிடும். ஃபெடரர் 2024-ல் டார்ட்மத் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைச் சொன்னார்: 1526 ஒற்றையர் ஆட்டங்களில் சுமார் 80 சதவீதம் வெற்றி, ஆனால் ஜெயித்த பாயிண்ட்கள் 54 சதவீதம்தான். உங்கள் ஷீட்டில் நம்பர் ஒன் 58 சதவீதம் பாயிண்ட் எடுக்கிறார். நான்கு சதவீதம்தானே என்று தோன்றும், அங்கேதான் ஏமாறுகிறோம்.

ஆகவே போனஸ் கூட்டலை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு ரேட்டிங் கொடுங்கள். இருவரின் ரேட்டிங் வித்தியாசத்தில் பாதியை ஒருவர் சர்வில் கூட்டுங்கள், பாதியை மற்றவர் சர்வில் கழியுங்கள். வித்தியாசம் 4 என்றால் 66-க்கு 62. ஒரு செட் ஜெயிக்க வாய்ப்பு ஏறத்தாழ 63 சதவீதம், வித்தியாசம் 8-க்கு 73, 12-க்கு 82. நடுவில் வருவதற்கு இடைப்பட்ட எண். அந்த செட்டுக்கான ரேண்டம் எண் இதைவிடக் குறைவாக விழுந்தால் மேலே உள்ளவர் ஜெயித்தார். செட்டுக்கு ஒதுக்கிய இரண்டாவது எண்ணை வைத்து 6-4-ஆ, 7-6-ஆ என்று பிரித்துக்கொள்ளலாம். புல்தரையில் 7-6-க்குக் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள்.

நம்பர் ஒன்னுக்கும் பத்தாவது ஆளுக்கும் ரேட்டிங் வித்தியாசம் 4, கடைசி ஆளுக்கும் 8. இது போதும். தரை, களைப்பு எல்லாம் சேர்ந்தும் வித்தியாசம் 12-ஐத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வையுங்கள். கிராண்ட்ஸ்லாமில் ஐந்து செட் ஆடுவதால் வலுவானவருக்கு இயல்பாகவே சாதகம் கூடும். மூன்று செட்டில் 69 சதவீதம் உள்ளவர் ஐந்து செட்டில் 73 ஆவார். அதற்கென்று தனி போனஸ் வேண்டாம்.

தரைக்கு போனஸ் கொடுப்பதைவிட ஆளுக்கு மூன்று ரேட்டிங் வைப்பது நல்லது. களிமண்ணில் 2 கூடினால் புல்லில் 2 குறையட்டும். 14 கிராண்ட்ஸ்லாம் வாங்கிய சாம்ப்ராஸ் பாரிஸில் ஒரு தடவைகூட இறுதிக்குப் போனதில்லை. அந்த ருசி உங்கள் சீசனிலும் வரட்டும். சொந்த ஊர் போனஸைத் தூக்கிப் போடுங்கள். கற்பனை ஆட்டக்காரருக்கு ஏது சொந்த ஊர்?

ஃபார்ம்தான் விஷம். ஜெயித்தவருக்கு ஃபார்ம் கூடுகிறது, ஃபார்ம் கூடியதால் மறுபடி ஜெயிக்கிறார், மறுபடி கூடுகிறது. எதிர்பார்த்ததைவிட எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதற்கு மட்டும் மதிப்பு கொடுங்கள். ஜெயித்தால் 1, தோற்றால் 0. அதிலிருந்து மேட்ச் ஜெயிக்க அவருக்கு இருந்த வாய்ப்பைக் கழித்து, பாதியாக்கி, ரேட்டிங்கில் சேருங்கள். 82 சதவீத வாய்ப்புள்ளவர் ஜெயித்தால் கிடைப்பது 0.09. தோற்றால் போவது 0.41. எளிய ஆட்டங்களாக ஜெயித்துக்கொண்டே மேலே ஏறும் வழி அத்துடன் அடைபடும்.

களைப்பை மட்டும் புதிதாகச் சேருங்கள். சுவாரசியம் அங்கே இருக்கிறது. 2008-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடால் தன் நாட்டுக்காரர் மோயாவை அரையிறுதியில் வீழ்த்த 3 மணி 54 நிமிடம் ஆனது. மூன்று செட்டும் டை-பிரேக், 39 கேம். மறுநாள் இறுதியில் யூஷ்னி அவரை 6-0, 6-1 என்று சுருட்டிவிட்டார். மூன்று செட் மேட்சில் 33 கேமைத் தாண்டியவருக்கு அடுத்த ஆட்டத்தில் ரேட்டிங் 2 குறைவு என்று விதி போடுங்கள். கிராண்ட்ஸ்லாமில் நடுவில் ஒரு நாள் ஓய்வு இருப்பதால் அந்த எல்லையை 55 கேமாக வைக்கலாம்.

காலிறுதிப் புகாருக்கு விடை சின்னது. எட்டு சீடுகளையும் வாரா வாரம் அதே வரியில் எழுதுகிறீர்கள். 32 பேர் டிராவில் 1-ம் சீடு முதல் வரி, 2-ம் சீடு கடைசி வரி. இந்த இருவருக்கு மட்டுமே இடம் நிரந்தரம். 3, 4 சீடுகள் 9, 24-ம் வரிகளுக்குக் குலுக்கலில் போக வேண்டும். 5 முதல் 8 வரை உள்ளவர்கள் 8, 16, 17, 25-க்குக் குலுக்கலில். மீதி 24 பேரும் குலுக்கல்.

ரேங்கிங் சண்டையில் உங்கள் கணக்கு சரி, விளக்கம்தான் இல்லை. போன வருஷம் அதே மாஸ்டர்ஸில் (கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலைத் தொடர்) இறுதிக்குப் போனதற்கு 650 வைத்திருந்தவர் இந்த வருஷம் அரையிறுதியோடு நின்றால் 400. 52 வாரப் பட்டியலில் பழையது போய்ப் புதியது வருகிறது, நிகர நஷ்டம் 250. வாராந்திரப் பட்டியலில் ‘போன வருஷம்’, ‘இந்த வருஷம்’ என இரண்டு நெடுவரிசை சேர்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பழைய புள்ளியைத் தேதி பார்த்துக் கழிக்காதீர்கள். காலண்டர் ஒரு வாரம் நகர்ந்தால் ஒருவருக்கு ஒரே தொடர் இரண்டு தடவை எண்ணப்படும். தொடருக்குத் தொடர் மாற்றுங்கள். 22-ஐயும் கூட்டவும் வேண்டாம். 2024-ல் ஏடிபி எடுத்தது 4 கிராண்ட்ஸ்லாம், 8 கட்டாய மாஸ்டர்ஸ், மற்றவற்றில் சிறந்த 7. அதே கணக்கு வைத்தால் களைத்தவர் ஒரு வாரம் ஓய்வெடுக்கவும் துணிவார். இன்னொன்று: கிராண்ட்ஸ்லாமில் கடைசி 32-ல் தோற்றால் 100 புள்ளி என்ற அட்டவணையை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் டிராவில் அது முதல் சுற்று. முதல் சுற்றில் தோற்றால் 10.

எப்போது மாற்றுவது? இதுதான் நேரம். விம்பிள்டன் முடிந்துவிட்டது, கனடா மாஸ்டர்ஸிலிருந்து புது விதி என்று அறிவியுங்கள். வாங்கிய கோப்பைகளைப் பிடுங்காதீர்கள். உங்கள் ஆளின் பழைய புள்ளிகள் அந்தந்த வாரத்தில் தானாக உதிரும். ஆனால் ரேட்டிங் ஷீட்டை இன்றே இன்னொரு நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். சீசன் நடத்துபவரின் ஆட்டக்காரர் நம்பர் ஒன்னாக இருக்கும்வரை எந்த ஃபார்முலாவும் வாயடைக்காது.

அறிவிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஷீட்டின் நகல் ஒன்றில் மட்டும் ராண்டை வைத்து, ஒரே டிராவை எஃப்9 தட்டித் தட்டி 100 தடவை ஆடவிட்டு, ஒவ்வொரு தடவையும் சாம்பியன் யார் என்று கோடு போடுங்கள். நம்பர் ஒன்னுக்கு 15-லிருந்து 35 கோடு விழுந்தால் கணக்கு சரி. 50-ஐத் தாண்டினால், எங்கோ ஒரு போனஸ் இன்னும் இரண்டு பக்கமும் கூடிக்கொண்டிருக்கிறது; சர்வ் நெடுவரிசையில் தேடுங்கள்.