பதில்: தேன்கனிக்கோட்டை பக்கத்து ஊருக்குப் பழைய ஆவணம் கிடைக்கவில்லை

வணக்கம். கோயில் விழா மலருக்கு ஊர் வரலாறு எழுத உட்கார்ந்து, 1792ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆவணங்களில் ஊரின் பெயரே இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள். இருக்காது. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் அப்போது உங்கள் பக்கத்தில் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது பாரமகால் மட்டும்தான். அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலம் அளந்தது அங்கேதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை அடங்கிய மேட்டு நிலம் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே கம்பெனியின் கைக்கு வந்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் கிருஷ்ணகிரிக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது! மலரில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். மன்னர் வந்து இளைப்பாறிய கதை எல்லா ஊரிலும் உண்டு.

தேடும்போது மாவட்டப் பெயரில் ஏமாறாதீர்கள். இன்று கிருஷ்ணகிரி மாவட்டமாக இருக்கும் உங்கள் பகுதி 2004 வரை தருமபுரி, 1965க்கு முன் சேலம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேலம் என்றே கேளுங்கள்.

ஏரிக்கரை நடுகல்லைப் படிக்க முடியவில்லை என்றீர்கள். எண்ணெய் தடவவோ சுண்ணாம்பு பூசவோ யாரையும் விடாதீர்கள். காலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால், தேய்ந்த எழுத்தும் நிழலோடு எடுப்பாகத் தெரியும். தமிழாக இல்லையென்றால் ஒதுக்கிவிட வேண்டாம். அந்தப் பக்கம் கன்னடக் கல்வெட்டுகள் சகஜம். படத்தைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.