கார்டு டீச்சருடையது, ஓடிபி உங்களுக்கு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, மார்த்தாண்டம் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மனைவி உதவிபெறும் பள்ளி ஒன்றில் டீச்சர். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் பிளஸ் டூ படிக்கிறாள். என் பெயரில் உள்ள கார் லோனில் இன்னும் 3 லட்சம் ரூபாய் பாக்கி. வட்டி 9.5 சதவீதம், மாத டியூ 13,775 ரூபாய், 24 மாதம் கட்ட வேண்டும். கடையில் வியாபாரம் மந்தம், டியூ கட்டத் திணறுகிறேன். இந்த நேரத்தில் கிரெடிட் கார்டில் குறைந்த வட்டிக்கு லோன் தருவதாகப் போன் வந்தது. மாதம் ஒரு சதவீதம்தானாம். 48 மாதம், டியூ 9,250 ரூபாய். கார்டு மனைவி பெயரில் இருக்கிறது, ஓடிபி எல்லாம் என் போனுக்குத்தான் வரும், அதனால் அது பிரச்சினை இல்லை. வட்டி கொஞ்சம் கூடினாலும் மாதம் நாலாயிரத்து ஐநூறு கையில் நிற்கும். இந்த லோனை எடுத்துக் கார் லோனை அடைத்துவிடலாமா? கார்டு டியூவை நானே கட்டிவிடுவேன்.

– ஒரு வாசகர், விளவங்கோடு வட்டம்

பதில்: தம்பி, அடைத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டியவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. "ஓடிபி எல்லாம் என் போனுக்குத்தான் வரும், அதனால் அது பிரச்சினை இல்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு வட்டிக் கணக்குக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. பிரச்சினையே அதுதான்.

டீச்சர் பெயரில் இருக்கிற கார்டுக்கு உங்கள் நம்பரை ஏன் கொடுத்தீர்கள்? அவரிடம் போன் இல்லையா? இருக்கும். அவருக்கு வங்கி விவரம் புரியாதா? ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு மெசேஜ் படிக்கத் தெரியாமல் போகாது. கார்டு வாங்கும்போது விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பினீர்கள், உங்கள் நம்பரை எழுதினீர்கள், நீங்கள் நீட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். இப்படித்தான் நடந்திருக்கும். ஏனென்றால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி வீட்டில் இப்படித்தான் நடந்திருக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் நாம் பின்வாங்கியதே இல்லை. ரப்பர் வெட்டியும் முந்திரி ஆலையில் நின்றும் மகளை டீச்சராக்கிய, நர்ஸாக்கிய வீடுகள் எத்தனையோ. அவ்வளவு பாடுபட்டுப் படித்து வேலைக்குப் போனவளின் சம்பளம் கணக்கில் ஏறியதும், ஏடிஎம் கார்டு புருஷன் பர்சுக்குப் போய்விடுகிறது. பின் நம்பர் அவருக்குத்தான் தெரியும். அவள் பஸ் காசுக்கு அவரிடம் கேட்கிறாள். "நம்ம வீட்டுல எல்லாம் ஒண்ணுதானே" என்று ஒரு பேச்சு. எல்லாம் ஒன்றுதான் என்றால் காரின் ஆர்சி புக்கில் ஏன் உங்கள் பெயர் மட்டும்?

நீங்கள் செய்யப்போகிற காரியத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். கார்டு லோன் பணம் டீச்சரின் சேமிப்புக் கணக்கில் வந்து விழும். மெசேஜ் உங்கள் போனுக்கு வரும். நீங்கள் அதை எடுத்துக் கார் லோனைக் கட்டி முடிப்பீர்கள். கடன் தீர்ந்தது, ஆட்சேபம் இல்லை என்று வங்கி என்ஓசி தரும். அதையும் படிவம் 35-ஐயும் கொண்டுபோய் ஆர்டிஓ ஆபீசில் கொடுத்து ஹெச்.பி.யை, அதாவது ஆர்சி புக்கில் உள்ள வங்கியின் அடமானப் பதிவை, கேன்சல் செய்வீர்கள். டிஎன் 75 நம்பர் போட்ட அந்தக் கார் அன்று முதல் எந்தக் கடனும் இல்லாத உங்கள் சொத்து. கடன் முழுக்க டீச்சர் தலையில். நாளைக்கே நீங்கள் காரை விற்றாலும் அவரால் கேட்க முடியாது, அவர் கடன் மட்டும் அப்படியே நிற்கும். காரும் கடனும் ஒரே ஆள் பெயரில் இருக்கிறது இன்றைக்கு. அதைப் பிரித்து, சொத்தை உங்களுக்கும் சுமையை அவருக்கும் எழுதுகிறீர்கள். அதுவும் அவருக்குத் தெரியாமல்.

"நானே கட்டிவிடுவேன்" என்கிறீர்கள். கார் டியூவையும் நீங்கள்தான் கட்டுவதாக இருந்தது. அது இழுக்கிறது என்றுதானே இந்தக் கடிதமே எழுதினீர்கள்?

கார் லோனில் டியூ விட்டால் வங்கி காரைத் தேடி வரும். கார்டு லோனுக்கு அப்படி ஈடு எதுவும் கிடையாது, அந்தப் பெயருக்கு உரிய ஆள்தான் ஈடு. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த நேரத்துக்குள் டீச்சர் எங்கே இருப்பார்? ஸ்டாஃப் ரூமில். உங்கள் நம்பரில் யாரும் எடுக்காவிட்டால் பள்ளி நம்பருக்கு வரும். தான் வாங்காத கடனுக்கு, சக ஆசிரியைகள் முன்னால் வைத்து, என்ன விஷயம் என்றே தெரியாமல் அவர் பதில் சொல்ல வேண்டும். கார்டு கொடுத்த வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால் இன்னும் மோசம். பாக்கியைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை பல கார்டு ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவருடைய பாஸ்வேர்டையோ அடையாளக் குறியீட்டையோ ஏமாற்றும் எண்ணத்தோடு பயன்படுத்தினால், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 வருஷம் வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. டீச்சர் உங்கள்மேல் புகார் கொடுக்க மாட்டார், எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் "அது பிரச்சினை இல்லை" என்று எழுத முடிந்திருக்கிறது. வெளியாள் யாராவது அவர் கார்டில் இப்படிச் செய்திருந்தால் நீங்களே முதல் ஆளாகக் கோட்டாறு வரைக்கும் போய் ஸ்டேஷனில் நின்றிருப்பீர்கள்.

சரி, வட்டிக்கு வருகிறேன். அதிலும் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மாதம் ஒரு சதவீதம், வருஷத்துக்கு 12, ஒன்பதரையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்று நினைத்திருக்கிறீர்கள். உண்மையாகவே 12 சதவீதம் என்றால், 3 லட்சத்துக்கு 48 மாத டியூ 7,900 ரூபாய்தான் வர வேண்டும். அவர்கள் சொன்னது 9,250. அப்படியென்றால் இது ஃப்ளாட் வட்டி. நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, கடைசி மாதம் வரை முழு 3 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். கார் லோனோடு ஒப்பிடும் முறையில் கணக்குப் போட்டால் இது வருஷத்துக்கு ஏறக்குறைய 21 சதவீதம்.

கார் லோனை இப்படியே கட்டி முடித்தால் இனிமேல் போகிற வட்டி 30,600 ரூபாய். கார்டில் போகிற வட்டி 1,44,000. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, போனில் பேசின பெண் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அது 25,920. ஆக 1,69,920 ரூபாய். இதற்குமேல் பிராசஸிங் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. கார் லோனை முன்கூட்டி முடிப்பதற்கு உங்கள் வங்கி அபராதம் போடுமா என்று லோன் கடிதத்தைப் பாருங்கள், நிலையான வட்டி லோன் என்றால் பெரும்பாலும் போடுவார்கள். மாதம் நாலாயிரத்து ஐநூறு மிச்சம் என்று நீங்கள் நினைக்கிற பணத்துக்கு மொத்தத்தில் கொடுக்கிற விலை ஒன்றே கால் லட்சத்துக்கு மேல்.

ஒரு மாதம் முழு பில்லையும் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மீதிக்குக் கார்டின் வழக்கமான வட்டி ஓட ஆரம்பிக்கும். அது மாதம் மூன்று, மூன்றரை சதவீதம். வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே அந்தத் தடுப்பும் இப்போது இல்லை.

அப்புறம் மூத்த மகள். பிளஸ் டூ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருஷம் கல்லூரி. கல்விக் கடன் வேண்டும் என்றால் பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கடை வருமானம் இறங்கியிருக்கிற நேரத்தில் வங்கி யாருடைய சம்பளச் சான்றைக் கேட்கும்? டீச்சருடையதைத்தான். அன்றைக்கு அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்தால் 3 லட்சம் கார்டு கடன் நிற்கும். ஒன்றிரண்டு டியூ தவறியிருந்தால் அதுவும் நிற்கும். அந்த மேஜைக்கு முன்னால், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் பெயரில் இப்படி ஒரு கடன் இருப்பதை டீச்சர் முதல் முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்த முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

குடும்பத்துக்காகத்தானே செய்கிறேன் என்று நீங்கள் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. குடும்பக் கஷ்டத்தைத் தோளில் தாங்குகிறவர் ஆண்மகன் என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தாங்குங்கள், நல்லது. ஆனால் தாங்குவதாகச் சொல்லிக்கொண்டு, அதை மனைவி தோளில் அவருக்குத் தெரியாமல் இறக்கி வைப்பது தாங்குவது ஆகாது. கடை மந்தமாவது ஒரு குற்றம் இல்லை. வியாபாரத்தில் அது எல்லோருக்கும் வரும். அதை வீட்டில் மறைக்கிறீர்களே, அதுதான் குற்றம். கடன் என்பது வீட்டுக்குள் வந்தால் கணவன், மனைவி இரண்டு பேரும் உட்கார்ந்து, தொகை இவ்வளவு, வட்டி இவ்வளவு, முடிகிற தேதி இது என்று பேசி எடுக்க வேண்டியது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆகவே இன்று இரவு பிள்ளைகள் தூங்கியபின் பேசுங்கள். கடை வரவு செலவு நோட்டு, கார் லோன் ஸ்டேட்மென்ட், இந்தக் கார்டு விஷயம், மூன்றையும் மேஜையில் வையுங்கள். கோபப்படுவார். நியாயமான கோபம், பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பின் கார் லோன் கொடுத்த வங்கிக்கு இருவருமாகப் போங்கள். தவணைக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். இதே 9.5 சதவீதத்தில் 24 மாதத்தை 36 மாதமாக்கினால் டியூ 9,610 ரூபாய். கார்டுக்காரர்கள் ஆசை காட்டிய 9,250-க்கும் ஜிஎஸ்டிக்கும் சேர்த்துப் பார்த்தால் அதைவிடக் குறைவு, அதுவும் ஒரு வருஷம் முன்னதாகவே முடிந்துவிடும். இந்த நீட்டிப்பு சிபிலில் எப்படிப் பதிவாகும் என்பதையும் மேனேஜரிடம் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். வங்கி ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வங்கிக்குக் கார் லோனை மாற்றிக் கேட்கலாம், உங்கள் பெயரிலேயே.

அதுவும் நடக்காவிட்டால் காரை விற்றுவிடுங்கள். நான் இதைத் தயங்காமல் சொல்கிறேன். கடைக்குச் சரக்கு ஏற்ற அந்தக் கார் உதவாது, டீச்சர் காலையில் பள்ளிக்கு அதில் போகிறார் என்றும் நீங்கள் எழுதவில்லை. ஞாயிறு சர்ச்சுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகத்தான் என்றால், ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு ஒரு மாத டியூவில் பத்தில் ஒன்றுகூட வராது. வங்கியில் பாக்கித் தொகைக்கு எழுத்தில் கணக்கு வாங்கி, வாங்குகிறவர் பணத்திலேயே லோனை முடித்து, என்ஓசி வாங்கிப் பெயர் மாற்றிக் கொடுங்கள். "கார் எங்கே" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். விற்றுவிட்டேன் என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. டீச்சரோடு அவருடைய வங்கிக்குப் போய், அவர் கணக்கிலும் கார்டிலும் பதிந்திருக்கிற உங்கள் நம்பரை எடுத்துவிட்டு அவருடைய நம்பரைப் போடச் சொல்லுங்கள். பின் நம்பர், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அவரே மாற்றட்டும், நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் கார்டு கம்பெனிப் பெண் மறுபடி கூப்பிடுவார், கண்டிப்பாகக் கூப்பிடுவார். அப்போது அந்த அழைப்பு டீச்சருக்குப் போகும். வேண்டுமா, வேண்டாமா என்று அவர் சொல்லிக்கொள்வார்.