காதுக்குள் வளரும் தோற்பை: ஆர்.என்.ஏ. மருந்துக்காகக் காத்திருக்கலாமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். 11 வயது மகனுக்கு வலது காதிலிருந்து நாற்றத்துடன் சீழ் வடிகிறது. வைத்தியர் கொலஸ்டியற்றோமா (செவிப்பறையிலிருந்து காதுக்குள் வளரும் தோற்பை) என்று கூறிச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார். இந்நோய்க்குப் புரதம் ஆக்காத ஆர்.என்.ஏ.க்கள்தான் (டி.என்.ஏ.யிலிருந்து படியெடுக்கப்படும் மூலக்கூறுகள்) காரணம் என்று வாசித்ததாகவும், அதற்கு மருந்து வரும்வரை பொறுத்திருக்கலாமா என்றும் கேட்கிறார்.

பொறுத்திருக்க வேண்டாம். நீங்கள் வாசித்த அந்த ஆய்வுகளே தாமதம் ஏன் ஆபத்து என்பதையும் சொல்கின்றன. செவிப்பறையின் ஒரு பகுதி உள்ளே இழுபட்டுப் பையாகும்போது, உதிர்ந்து வெளியேற வேண்டிய தோற்கலங்கள் அதற்குள் உரித்த வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காகச் சேர்கின்றன. இது புற்றுநோய் அன்று. ஆயினும் அருகிலுள்ள செவிச் சிற்றென்புகளை அரிக்கும்.

நமது டி.என்.ஏ.யில் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதி 100இல் 2 பங்குகூட இல்லை. மீதியிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ.க்களுள் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படுபவை ஏறத்தாழ 22 எழுத்து (வேதி அலகு) நீளமே உள்ளவை. ஆனால் ஒரு புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துபவை. (1993இல் ஒரு சிறு புழுவில் இவற்றை வெளிப்படுத்திய அம்புரோஸ், ருவ்குன் ஆகிய விஞ்ஞானிகள் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.) கொலஸ்டியற்றோமாவில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 மிகுந்திருப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. கலங்கள் பெருகுவதைத் தடுக்கும் புரதங்களை இது குறைத்துவிடுவதால், தோல் அடங்காமல் வளர்வதாகக் கருதப்படுகிறது. வேறு சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறுவது என்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டக்கூடும் என்றும் பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன.

ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் சத்திரசிகிச்சையில் அகற்றிய திசுக்களில் கண்டவை; இந்த மாற்றம் நோயின் காரணமா, நீடித்த அழற்சியின் விளைவா என்பதை அவற்றால் மட்டும் பிரித்தறிய முடியாது. நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய ஆர்.என்.ஏ. மருந்து இந்நோய்க்கு இன்னும் இல்லை. காதுத்துளி மருந்து சீழை உலர்த்தலாம், பையை அகற்றாது. இது நீங்கள் பிள்ளைக்குக் கொடுத்த பரம்பரைக் குறையோ என்று வருந்தவும் தேவையில்லை. ஆய்வுகள் சொல்லும் மாற்றம் நோயுற்ற திசுவில் காணப்படுவது.

சத்திரசிகிச்சைவரை காதுக்குள் நீர் போகக்கூடாது. கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போது வசலின் பூசிய பஞ்சால் காதை அடையுங்கள். கீரிமலைக் கேணியில் நீந்த விடாதீர்கள். உள்ளி காய்ச்சிய எண்ணெய் விடவே வேண்டாம். வாய் ஒருபக்கம் கோணினாலோ, தலைசுற்றினாலோ, காதின் பின்புறம் வீங்கினாலோ, காய்ச்சலுடன் கடும் தலையிடி வந்தாலோ குறித்த நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சிறுவரில் இந்நோய் மீண்டும் வரக்கூடியது என்பதால், காது உலர்ந்த பின்னரும் பல ஆண்டுகளுக்குக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.