நாய்க் காப்பகத்துக்கு எதைக் கொடுக்கலாம்?

கேள்வி: சிறிய நாய்க் காப்பகம் ஒன்றுக்குப் பழைய போர்வை, நாய் உணவு, கொஞ்சம் பணம் தர நினைக்கிறேன். எது உண்மையில் உதவும்?

பதில்: முதலில் போன் செய்து, எது தீர்ந்துபோயிருக்கிறது என்று கேளுங்கள். உணவு என்றால் அவர்கள் ஏற்கெனவே போடும் பிராண்டையே வாங்குங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். புது உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏழு நாளில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆள் குறைவான இடத்தில் அது பெரிய வேலை. மூட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டித் தராதீர்கள். காலாவதி தேதியும் பேட்ச் நம்பரும் மூட்டையில்தான் இருக்கும். காற்றுப் பட்டால் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும்.

துண்டு, பெட்ஷீட்டைத் துவைத்துக் கொடுங்கள். பஞ்சு அடைத்த தலையணை வேண்டாம். கடித்துக் குதறிப் பஞ்சை விழுங்கினால் குடல் அடைத்து, அறுவை சிகிச்சை வரை போகும். பார்வோ என்ற கொடிய, எளிதில் தொற்றும் வைரஸ் நோய் வந்த நாய் படுத்த துணியைக் கொடுக்கவே கூடாது. அந்த வைரஸ் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சாதாரண பிளீச் அவர்களுக்கு அவ்வளவு தேவை. அழுக்கைத் தேய்த்துக் கழுவிய பிறகு, 1 பங்கு பிளீச்சில் 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். நாள்பட்ட பிளீச் வீரியம் இழந்திருக்கும், புது பாட்டிலாக வாங்குங்கள்.

வீட்டில் மிஞ்சிய வலி மாத்திரைகள் வேண்டாம். இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம்.

பணத்தை மாதாமாதம் சிறு தொகையாகத் தருவதே நல்லது. வைத்தியச் செலவுதான் கழுத்தை நெரிக்கும். கால்நடை மருத்துவமனையில் நேரடியாகக் கட்டுவதானால், காப்பகத்தின் பெயரையும் பில் நம்பரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.