வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டு டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க் போகலாமா?

கேள்வி: சிகாகோல இருக்கோம். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ரெண்டு பேருக்கும் 65க்கு மேல. விஸ்கான்சின்ல இருக்குற டெவில்ஸ் லேக்குக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். அவங்களுக்கு ஒத்துவருமா?

தாராளமா போகலாம். மலை மட்டும் ஏற வைக்காதீங்க, ஏரியோட இருக்க விடுங்க. இதை நாங்க தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டோம்.

முதல் தடவை போனப்ப, போட்டோவுல எல்லாரும் பேலன்ஸ்ட் ராக்னு விழாம நிக்குற ஒரு பாறை முன்னாடி நிக்கிறாங்களே, நம்மளும் பாத்துடலாம்னு தென்கரையில இருந்து அந்தப் பாதையில ஏறிட்டோம். தூரம் அரை மைல்கூட கிடையாது, அதை நம்பித்தான் கிளம்பினது. ஆனா அது பூரா செங்குத்தா கல்லுப்படி, ஒரு படி முழங்கால் உயரம் அடுத்தது சாய்வா, பிடிச்சுக்க கம்பி எதுவும் இல்ல. அந்தப் பாறை குவார்ட்சைட்னு ஒரு கெட்டிக் கல்லு, கொஞ்சம் ஈரம் பட்டாலே வழுக்கும். பாதி வழியில அம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. ஏறுனதை விட இறக்கிக் கொண்டு வந்ததுதான் பெரும்பாடு. அன்னைக்கு அம்மா எதுவும் சொல்லலை, ஆனா கார்ல திரும்புறப்ப மூணு மணி நேரமும் முட்டியை நீவிக்கிட்டே வந்தாங்க, எனக்கு மனசே ஆறலை.

அதனால ரெண்டாவது தடவை போனப்ப மலைப்பக்கமே போகலை. மேற்குக்கரையை ஒட்டி டம்பிள்ட் ராக்ஸ்னு ஒரு பாதை இருக்கு, சுமார் ஒரு மைல், பெரும்பாலும் தார் போட்டிருக்கும், ஒரு பக்கம் தண்ணி இன்னொரு பக்கம் மலையில இருந்து சரிஞ்சு கெடக்குற பாறைக் குவியல். வெடிப்புல தண்ணி எறங்கி குளிர்காலத்துல உறைஞ்சு விரிஞ்சு, அப்படியே பாறை பொளந்து விழுந்து சேர்ந்த குவியல் அது. அங்கங்க ஏத்த எறக்கம் இருக்கு, ஆனா கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்தா போதும், முழுசா போகணும்னு கட்டாயமும் இல்ல, எங்க கால் வலிக்குதோ அங்கேயே திரும்பிடலாம்.

அங்கதான் அப்பா ஒரு பாறை முன்னாடி நின்னுட்டாரு. ஊதாவும் செவப்பும் கலந்த நிறம், மேல வரிவரியா மேடு பள்ளம். கையை வச்சுத் தடவிப் பாத்துட்டு, "ஏம்மா, ஓடையில தண்ணி வடிஞ்சப்புறம் மணல்ல விழுமே, அந்த வரி மாதிரியே இருக்கு"ன்னாரு. நெஜமாவே அதுதான். 160 கோடி வருஷத்துக்கு மேல முன்னாடி தண்ணிக்கடியில கெடந்த மணல் இறுகிக் கல்லானது அது, அலை போட்ட வரி அப்படியே நின்னுடுச்சு.

எங்க ஊரு மதுராந்தகம் பக்கம், அப்பா ஏரிப்பாசனத்துல பயிர் வச்சவரு. அதனால அடுத்த கேள்வி, "இதுக்கு மதகு எங்க, கலங்கல் எங்க?" தண்ணி தெறந்து விடுற மதகு, மிச்சத் தண்ணி வழியுற கலங்கல்னு நானும் சுத்திமுத்திப் பாத்தேன், எதுவும் கண்ணுல படலை. வீட்டுக்கு வந்துதான் தேடிப் படிச்சேன். இந்த ஏரியில இருந்து வெளிய ஓடுற ஆறோ கால்வாயோ கிடையவே கிடையாது. பழைய காலத்துல ஏதோ ஒரு ஆறு அறுத்து வச்ச பள்ளத்தாக்கு, 15,000 வருஷத்துக்கு மேல முன்னாடி பனிப்பாறை நகர்ந்து வந்து மண்ணையும் கல்லையும் ரெண்டு வாயிலயும் கொட்டிட்டுப் போயிடுச்சு, நடுவுல தண்ணி நின்னு ஏரியாயிடுச்சு. நம்ம ஊர்ல மனுஷன் மண் சுமந்து போட்ட கரையை இங்க பனி போட்டிருக்கு. தண்ணி பூமிக்குள்ள கசிஞ்சும் ஆவியாவும்தான் போகுது, அதனால சேர்ற சத்தெல்லாம் அடியிலயே தங்கி பாசி பிடிக்க ஆரம்பிச்சுது. அதைக் கொறைக்கத்தான் 2002ல அடித்தண்ணிய மட்டும் குழாய் வழியா வெளிய எடுக்க ஆரம்பிச்சாங்க. இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப மதகு வச்சுட்டான்"னு அவ்ளோ சந்தோஷப்பட்டாரு.

அம்மாவுக்கு அந்தப் பேருதான் பிடிக்கலை, சாத்தான் ஏரியான்னு. ஆனா அங்க பூர்வீகமா இருக்குற ஹோ-சங்க் மக்கள் அவங்க மொழியில வச்ச பேருக்குப் புனித ஏரின்னு அர்த்தம், வெள்ளைக்காரங்கதான் அதை இப்படி மாத்திட்டாங்க. கரையிலயே பறவை மாதிரியும் கரடி மாதிரியும் மண்ணால எழுப்பின பழைய மேடுகள் இருக்கு, பாக்காம வந்துடாதீங்க, மேல மட்டும் ஏறக்கூடாது.

நடைமுறை விஷயம் சொல்றேன். 1911ல இருந்து ஸ்டேட் பார்க், ரொம்பக் கூட்டம் வர்ற எடம், கோடையில சனி ஞாயிறு பத்து மணிக்கு மேல போனா பார்க்கிங்குக்கே அல்லாடணும். சிகாகோல இருந்து மூணு மூணரை மணி நேரம் ஆகும், அதனால வார நாள்ல விடியக்காலையிலயே கிளம்பிடுங்க. உள்ள போக வண்டிக்கு ஸ்டிக்கர் வாங்கணும், வெளி மாநில நம்பருக்குக் கட்டணம் கொஞ்சம் அதிகம். வடகரை தென்கரை ரெண்டுலயும் பீச், பெஞ்சு, கிரில் எல்லாம் இருக்கு. நாங்க புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிட்டுப் போயிட்டோம், மர நிழல்ல ஒக்காந்து சாப்பிட்டுட்டு அம்மா அங்கயே புடவைத் தலைப்பை விரிச்சு ஒரு தூக்கம் போட்டாங்க. பெட்ரோல் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லாததால ஏரி அமைதியாவே இருக்கும், கிழக்குக்கரையில எப்பவாவது சரக்கு ரயில் போற சத்தம் மட்டும்தான். கயாக் வாடகைக்குக் கிடைக்கும், பிள்ளைங்க இருந்தா லைஃப் ஜாக்கெட் போட்டே ஏத்துங்க. உயிர்காக்குற ஆள் யாரும் கரையில இருக்க மாட்டாங்க, ஏரி 40 அடிக்கு மேல ஆழம், ஜூன்லகூட தண்ணி சில்லுன்னுதான் இருக்கும். இதுல தயவுசெஞ்சு அலட்சியம் வேண்டாம்.

ராத்திரி டென்ட் போட்டுத் தங்குறதா இருந்தா ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும், விறகும் வீட்ல இருந்து ஏத்திட்டுப் போகாதீங்க, மரத்தை அரிக்குற பூச்சி அதோட பரவுதுன்னு வெளி விறகுக்குத் தடை, பக்கத்துலயே வாங்கிக்கலாம். ஆனா வயசானவங்களுக்குத் தரையில படுத்து எழுந்திரிக்குறது சிரமம், பாராபூ ஊர் மூணு மைல்தான், அங்க ரூம் போட்டுக்கங்க.

அவங்க அக்டோபர் வரைக்கும் இருந்தா இன்னும் நல்லது, நடு மாசத்துல மலை பூரா மஞ்சளும் செவப்புமா மாறி ஏரியில நிழல் விழும். அப்பவும் கூட்டம் ஜாஸ்தி, வார நாளாவே பாத்துப் போங்க, அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, தண்ணி ஓரம் காத்து சுரீர்னு அடிக்கும்.