கோப்பில் இருப்பது நாளிதழில் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: மாநில அரசுத் துறை ஒன்றில் பிரிவு அலுவலராக இருக்கிறேன். அரசாணை வெளியாகும் முன்பே எங்கள் வரைவுகள் நாளிதழில் வந்துவிடுகின்றன. ஊழியர்களின் செல்போனைச் சோதிக்கலாமா என்று மேலதிகாரி கேட்கிறார். எப்படித் தடுப்பது?

பதில்: செல்போனைத் தொடாதீர்கள். பேச்சை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் நிலையில் உத்தரவு வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்த பிறகு, ஊழியரின் சொந்த போனை வாங்கிப் பார்ப்பது துறைக்கே வழக்காக முடியலாம். கசியவிட்டவர் அதற்குள் எல்லாவற்றையும் அழித்திருப்பார். மற்றவர்கள் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

இதுவரை கசிந்தவற்றை மேசையில் பரப்பிப் பாருங்கள். அவற்றில் எவை உண்மையிலேயே ரகசியமாக இருக்க வேண்டியவை? 2017-18 வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு தேசியப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரிலேயே ஒப்புதல் தந்தது. ஒன்றிய அரசு வெளியிடவில்லை. ஜனவரி இறுதியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். அடுத்த சில நாட்களில் வேலையின்மை 6.1 சதவீதம் என்ற செய்தி பிசினஸ் ஸ்டாண்டர்ட் நாளிதழில் வந்தது. அது வெறும் வரைவு என்றது அரசுத் தரப்பு. தேர்தல் முடிந்து மே 31 அன்று வெளியான அறிக்கையிலும் அதே 6.1தான். உரிய நாளில் வெளியிட்டிருந்தால் கசிவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே தொடர்புடைய தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு. பெரும்பாலான அலுவலகங்கள் இதைச் செய்வதே இல்லை. எல்லாவற்றிலும் ‘மந்தணம்’ (ரகசியம்) என்று முத்திரை குத்தினால் எந்த முத்திரைக்கும் மதிப்பிருக்காது.

உண்மையில் காக்க வேண்டியவை கொஞ்சம்தான்: திறக்காத ஒப்பந்தப்புள்ளிகள், சோதனை நடவடிக்கைகள், தேர்வு வினாத்தாள்கள், புகார் தந்தவரின் பெயர். இவற்றில் கண்டிப்பாக இருங்கள். வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை உயரதிகாரிகளிடமிருந்தே நிறுத்த வேண்டும். படம் எடுத்து அனுப்பிய ஆவணம் யார் கைக்குப் போனது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. கணினிவழிக் கோப்பு முறையான இ-ஆபீஸில் இத்தகைய கோப்பைப் பார்க்கும் அனுமதியைத் தேவையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள். தாள் நகல் என்றால் எண்ணிட்டு, பெறுபவரின் கையொப்பம் வாங்குங்கள். அறைச் சாவியையும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் மறக்காதீர்கள். 2015இல் டெல்லி பெட்ரோலிய அமைச்சகத்தில் கள்ளச்சாவியோடு இரவில் நுழைந்துதான் ஆவணங்களை நகலெடுத்தார்கள் என்று காவல்துறை சொன்னது.

செய்தியாளரைத் துரத்துவதில் பயனில்லை. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் ஆவணங்கள் நாளிதழில் வந்தபோது, திருட்டு ஆவணங்களை நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்று ஒன்றிய அரசு வாதிட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தையும் மிஞ்சி நிற்கிறது.

முறைகேட்டைக் கண்டு மனம் பொறுக்காமல் வெளியே சொல்பவரும் உண்டு. தகவல் அளிப்போரைக் காக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வராததால் அவருக்குப் பாதுகாப்பு இல்லை. அவர் அச்சமின்றி எழுதித்தர உங்கள் துறையிலேயே ஒரு மூத்த அதிகாரியை நியமிக்கச் சொல்லுங்கள். வந்த புகாருக்கு என்ன செய்தோம் என்பதை அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

அடுத்த முறை ஒரு வரைவு கசிந்தால், அது ரகசியமாக இருக்க வேண்டியதல்ல என்றால், அன்று மாலைக்குள் முழு வரைவையும் துறையின் இணையதளத்தில் போட்டுவிடுங்கள். செய்தியில் பிழை இருந்தால் அது எந்தப் பத்தியில் என்று சேர்த்தே குறிப்பிடுங்கள்.